ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப்புக்கு எந்த மேஜர்? பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரே பேச்சு இரண்டு முறை நடந்திருக்கிறது. முதலில் மகனோடு, நான்கு வருஷம் கழித்து மகளோடு. இரண்டு பேருக்கும் அமெரிக்கப் படைகளில் அதிகாரியாகச் சேர ஆசை. கல்லூரிக் கட்டணத்தை ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப் ஏற்றுக்கொண்டால் எங்களுக்கும் நிம்மதி. விண்ணப்பத்தில் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் மளமளவென்று முடிந்தன. 'படிக்க விரும்பும் மேஜர்', அதாவது கல்லூரியில் முதன்மையாக எடுக்கும் படிப்பு, என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

மகன் விஷயத்தில் அந்தக் கட்டத்தைத் தப்பாக நிரப்பினோம். தப்பு என்னுடையதுதான். அவனுக்குப் பொருளாதாரம் பிடிக்கும். "மெக்கானிக்கல் போடுடா, சான்ஸ் ஜாஸ்தி" என்று சொன்னவன் நான். சான்ஸ் ஜாஸ்தி என்பது உண்மை, ஸ்காலர்ஷிப்பும் கிடைத்தது. அதற்கு அப்புறம் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

ஆர்.ஓ.டி.சி. புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்கு நாலு வரி. கல்லூரியில் சாதாரண மாணவராகப் படித்துக்கொண்டே ராணுவப் பயிற்சியும் பெற்று, பட்டம் வாங்கும்போது அதிகாரியாக நியமனம் பெறும் திட்டம் இது. 1916-ம் வருஷத்துத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்தது. கடற்படை 1926-ல் தன் பங்குக்குத் தொடங்கியது. இப்போது நாம் பார்க்கும் ஸ்காலர்ஷிப் முறைக்கு வழி திறந்தது 1964-ல் வந்த சட்டம். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் சமயத்தில், நாடு தழுவிய போட்டியில் விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் கல்விக் கட்டணம், புத்தகச் செலவு, மாதாமாதம் கைச்செலவுப் பணம் எல்லாம் வரும். தரைப்படையில் பள்ளி நடக்கும் மாதங்களுக்கு 420 டாலர். பட்டம் பெற்ற பிறகு வருஷக்கணக்கில் சேவை செய்ய வேண்டும்.

ஸ்காலர்ஷிப் வாங்க அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். பெற்றோரின் வேலை விசாவோடு ஒட்டிய எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளையாக இருந்து, 18 வயது நிறைவதற்குள் பெற்றோரில் ஒருவர் குடியுரிமை பெற்று, பிள்ளையும் இங்கே அவர் பொறுப்பில் வாழ்ந்தால், பிள்ளைக்குத் தானாகவே குடியுரிமை வந்துவிடும். ஆனால் அதற்கான அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் படி: மேஜரைப் பற்றிப் பேசுமுன் எந்தப் படை என்று பேசுங்கள்

'ஆர்.ஓ.டி.சி.க்கு எந்த மேஜர் நல்லது?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொரு படையும் மேஜரை ஒவ்வொரு கண்ணால் பார்க்கிறது.

மிகக் கறாரானது கடற்படை. மேஜர்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் அடுக்கில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், ஏரோஸ்பேஸ், கெமிக்கல், நியூக்ளியர், கப்பல் கட்டுமானம் போன்ற பொறியியல் படிப்புகள். இரண்டாவதில் கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்றவையும் மீதமுள்ள சில பொறியியல் பிரிவுகளும். மூன்றாவதில் மற்ற எல்லாம்: பொருளாதாரம், வரலாறு, அரசியல், ஆங்கிலம், மொழிகள், பிசினஸ். கடற்படைப் பிரிவு ஸ்காலர்ஷிப்களில் குறைந்தது 85 சதவீதம் முதல் இரண்டு அடுக்குகளுக்கே போக வேண்டும் என்பது கொள்கை. மீதியிருக்கும் கொஞ்ச இடத்துக்குத்தான் வரலாறும் பொருளாதாரமும் மோதிக்கொள்கின்றன. அணு உலையில் ஓடும் நீர்மூழ்கிகளும் விமானந்தாங்கிகளும் வைத்திருக்கும் படை அது. இயந்திரம் புரிந்த அதிகாரிகள் தேவை என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே கடற்படை ஆர்.ஓ.டி.சி.க்குள் மரைன் பிரிவு என்று தனியாக ஒன்று உண்டு. அங்கே அடுக்கு கிடையாது, எந்த மேஜரும் படிக்கலாம். அங்கே போட்டி உடல்தகுதியிலும் தலைமைப் பண்பிலும். புல்-அப் எத்தனை எடுக்கிறாய், மூன்று மைலை எத்தனை நிமிஷத்தில் ஓடுகிறாய் என்று பார்ப்பார்கள். நர்ஸ் பிரிவும் தனி. அதற்கு நர்சிங் பட்டப்படிப்பு மட்டும்தான்.

விமானப்படை நடுவில் நிற்கிறது. தொழில்நுட்பம், தொழில்நுட்பம் அல்லாதது என்று இரண்டாகப் பிரிக்கிறது. முழுக் கட்டணத்தையும் ஏற்கும் முதல் வகை ஸ்காலர்ஷிப் ரொம்பக் குறைவான பேருக்குத்தான் கிடைக்கும், அதில் பெரும்பாலும் தொழில்நுட்ப மேஜர்கள். சொந்த மாநில அரசுக் கல்லூரிக் கட்டணத்தை ஏற்கும் ஏழாம் வகைதான் பலர் கைக்கு வருவது. விண்வெளிப் படைக்கும் அதிகாரிகள் இதே விமானப்படை ஆர்.ஓ.டி.சி. வழியாகத்தான் போகிறார்கள்.

தரைப்படை எல்லோரையும்விடத் தாராளம். பொறியியலையும் அறிவியலையும் விரும்பினாலும், வரலாறு படிக்கிற பிள்ளைக்கும் கிரிமினல் ஜஸ்டிஸ் படிக்கிற பிள்ளைக்கும் ஸ்காலர்ஷிப் தருகிறது. பள்ளியில் விளையாட்டு அணிக்குக் கேப்டனாக இருந்ததையும் பகுதிநேர வேலை பார்த்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். நர்சிங் இங்கேயும் தனிப் பாதை.

ஆக, பிள்ளைக்குப் பிடித்த மேஜர் வரலாறு என்றால் கடற்படைப் பிரிவை மட்டும் நம்பி உட்காராதீர்கள். தரைப்படைக்கும் மரைன் பிரிவுக்கும் சேர்த்துப் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட படைகளுக்கு விண்ணப்பிப்பதில் தடை ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு எந்தப் படையின் வேலை பிடிக்கும் என்பது தனிக் கேள்வி. அதையும் கேளுங்கள். கப்பலில் ஆறு மாதம் இருக்க முடியாத பிள்ளையைக் கடற்படைக்கு அனுப்பிப் பயனில்லை.

இரண்டாம் படி: மேஜரின் பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து படித்த பெற்றோருக்கு இது சட்டென்று புரியும். அறிவியல், பொறியியல் படித்தவர்கள் படிப்பு முடிந்து இங்கே வேலை பார்க்கக் கிடைக்கும் ஸ்டெம் ஓ.பி.டி. அனுமதியை வாங்கும்போது, கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் ஒரு ஆறு இலக்க எண்ணைப் பார்த்திருப்பீர்கள். சி.ஐ.பி. கோடு. 11.0701 என்றால் கம்ப்யூட்டர் சயன்ஸ். 14.1901 என்றால் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அமெரிக்கக் கல்லூரிகளின் ஒவ்வொரு படிப்புக்கும் இப்படி ஒரு எண் உண்டு.

இங்கே அது ஏன் முக்கியம்? ஒரே பெயரில் இருக்கும் படிப்பு இரண்டு கல்லூரிகளில் இரண்டு எண்ணில் இருக்கலாம். 'இன்பர்மேஷன் சிஸ்டம்ஸ்' என்று பார்த்தால் கம்ப்யூட்டர் படிப்பு மாதிரி இருக்கும். பிசினஸ் பள்ளியில் நடத்தினால் அது 52-ல் தொடங்கும் நிர்வாகப் படிப்பு. பொருளாதாரத்தில் 45.0601 என்பது வழக்கமானது. 45.0603 என்பது அளவியல் சார்ந்தது, அதாவது கணக்கும் புள்ளியியலும் கூடுதல். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஓ.பி.டி. நீட்டிப்பு கிடைக்கட்டும் என்று பல கல்லூரிகள் இரண்டாவது எண்ணுக்கு மாறியிருக்கின்றன.

இதில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. குடிவரவுத் துறையின் ஸ்டெம் பட்டியலில் ஒரு மேஜர் இருக்கிறது என்பதற்காகக் கடற்படையின் இரண்டாம் அடுக்கிலும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பட்டியல் வேறு, இந்தப் பட்டியல் வேறு. படையின் சொந்த மேஜர் பட்டியலை அந்த வருஷத்துக்கானதாகப் பார்த்து இறக்கி வையுங்கள். அது மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது என்பது ஆதாரம் ஆகாது.

கல்லூரிப் பட்டியலையும் இதோடு சேர்த்தே போட வேண்டும். நீங்கள் எழுதும் கல்லூரியில் அந்த மேஜர் இருக்க வேண்டும். அந்தப் படையின் பயிற்சிப் பிரிவும் அங்கேயோ, பக்கத்துக் கல்லூரியிலோ இருக்க வேண்டும். ஹார்வர்டு மாணவர்கள் பயிற்சிக்கு எம்.ஐ.டி.க்குப் போகிறார்கள். ஸ்டான்போர்டு மாணவர் தரைப்படை என்றால் சான்டா கிளாராவுக்கும், விமானப்படை என்றால் சான் ஹோசேக்கும், கடற்படை என்றால் பெர்க்லிக்கும் போக வேண்டும். விடியற்காலை ஆறு மணி உடற்பயிற்சிக்கு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போய்வந்து, எட்டரை மணிக்கு லேப் வகுப்பில் உட்கார வேண்டும் என்றால், எந்த மேஜரும் இரண்டு மடங்கு கஷ்டமாகிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் ரட்கர்ஸில் மூன்று படைகளின் பிரிவுகளும் வளாகத்திலேயே இருக்கின்றன. சொந்த மாநிலக் கட்டணமும் சேர்ந்து வருவதால் எங்கள் வட்டாரப் பிள்ளைகள் பலர் அதை முதலில் எழுதுகிறார்கள்.

மூன்றாம் படி: மேஜரோடு சேர்ந்து வரும் கால்குலஸ், இயற்பியல்

பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவது இது. கடற்படைப் பிரிவு ஸ்காலர்ஷிப் வாங்கினால், மேஜர் எதுவாக இருந்தாலும் இரண்டு செமஸ்டர் கால்குலஸ், இரண்டு செமஸ்டர் இயற்பியல் படித்தே ஆக வேண்டும். கால்குலஸை இரண்டாம் வருஷ முடிவுக்குள்ளும் இயற்பியலை மூன்றாம் வருஷ முடிவுக்குள்ளும் முடிக்க வேண்டும். ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைக்கும் இதே விதிதான். மரைன் பிரிவுக்கு இது இல்லை.

அந்த இயற்பியலிலும் ஒரு நுணுக்கம். அது கால்குலஸை அடிப்படையாகக் கொண்ட இயற்பியலாக இருக்க வேண்டும். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும் அல்ஜீப்ரா வழி இயற்பியல் செல்லாது. கல்லூரிப் பாடப்பட்டியலில் இரண்டும் 'பொது இயற்பியல்' என்றே இருக்கும். முன்தேவை என்ற வரியில் கால்குலஸ் எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி. கால்குலஸ் பி.சி.யில் முழு மதிப்பெண்ணான 5 வாங்கிய பிள்ளையாக இருந்தால் கல்லூரி கிரெடிட் கொடுக்கும், நேரம் மிச்சமாகும். பயிற்சிப் பிரிவும் அதை ஏற்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொறியியல் படிக்கப் போகிறவர் என்றால் அந்தக் கிரெடிட்டை வைத்துக்கொண்டு நேரே மூன்றாம் கால்குலஸில் குதிப்பதா என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். முதல் செமஸ்டரில் தூக்கமே பாதிதான் இருக்கும்.

நான்காம் படி: எட்டு செமஸ்டரையும் காகிதத்தில் எழுதிப் பாருங்கள்

இந்த ஒரு படியைச் செய்திருந்தால் என் மகனுக்கு அந்த முதல் வருஷம் வந்திருக்காது.

தரைப்படைப் பிரிவில் 104-ஆர் என்று ஒரு படிவம் இருக்கிறது. முதல் செமஸ்டரிலிருந்து பட்டம் வரை எந்தெந்த செமஸ்டரில் எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்று மொத்தத்தையும் எழுதி, கல்லூரி ஆலோசகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். விமானப்படையில் அதே வேலைக்குப் படிவம் 48. கல்லூரியில் சேர்ந்த பிறகு நிரப்புவது இது. நாங்கள் மகளோடு உட்கார்ந்து விண்ணப்பிப்பதற்கு முன்னாலேயே நிரப்பிப் பார்த்தோம். கல்லூரி வலைத்தளத்தில் ஒவ்வொரு மேஜருக்கும் நாலு வருஷப் பாட அட்டவணை இருக்கும். அதை எடுத்து, ஒரு பெரிய வெள்ளைத்தாளில் எட்டுக் கட்டம் போட்டோம்.

முதலில் மெக்கானிக்கல் எழுதிப் பார்த்தாள், அண்ணன் கதை தெரிந்தே. கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் கால்குலஸ் இரண்டும் இயற்பியல் ஒன்றும். இயற்பியல் ஒன்று முடித்தால்தான் ஸ்டாடிக்ஸ். அது முடிந்தால்தான் டைனமிக்ஸ். அதன் பிறகு தெர்மோ, திரவ இயக்கவியல், கடைசி வருஷ டிசைன் பிராஜெக்ட். பென்சிலால் அம்புக்குறி போட்டு இணைத்தாள். முதல் கட்டத்திலிருந்து எட்டாவது கட்டம் வரைக்கும் ஒரே சங்கிலி. அப்புறம் ஒரு இடத்தில் பெருக்கல் குறி போட்டு, "இங்க ஒரு சப்ஜெக்ட் போச்சுன்னா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வரும் எல்லாவற்றையும் அழித்து ஒரு கட்டம் தள்ளி எழுதினாள். எட்டுக் கட்டத்தில் அடங்கவில்லை. ஒன்பதாவது கட்டம் போட வேண்டியிருந்தது. ஸ்காலர்ஷிப் பொதுவாக எட்டு செமஸ்டருக்குத்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி அனுமதி.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ராணுவ அறிவியல் வகுப்பு, வாரத்தில் ஒரு நாள் மதியம் முழுக்க நடக்கும் தலைமைப் பயிற்சி, வாரத்தில் மூன்று காலை உடற்பயிற்சி ஆகியவற்றையும் எழுதினாள். பொறியியல் லேப்களும் மதியத்தில்தான் வரும். இரண்டும் ஒரே நாளில் மோதினால் எதைத் தள்ளுவது?

கோடைகாலங்களையும் எழுத வேண்டும். நம் ஊர்ப் பெற்றோருக்குக் கோடை என்றால் இன்டர்ன்ஷிப். இங்கே அப்படி இல்லை. தரைப்படையில் மூன்றாம் வருஷம் முடிந்ததும் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ் முகாம். விமானப்படையில் இரண்டாம் வருஷம் முடிந்ததும் அலபாமாவில் மேக்ஸ்வெல் தளத்தில் களப்பயிற்சி. கடற்படையில் கோடைதோறும் கப்பல் பயணம். மரைன் பிரிவில் மூன்றாம் வருஷக் கோடை குவான்டிகோவில். ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் படிப்பு என்று நடத்தும் நார்த்ஈஸ்டர்ன், டிரெக்செல் மாதிரிக் கல்லூரிகளில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும். முடியாது என்று சொல்லவில்லை. முன்னாலேயே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

ஐந்தாம் படி: ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டாலும் இதையே படிப்பாயா?

பிள்ளையிடம் இந்தக் கேள்வியைத் தனியாக, அவசரமில்லாத ஒரு நேரத்தில் கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். என் மகனிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பான்.

அவனுக்குக் கடற்படை ஸ்காலர்ஷிப் மெக்கானிக்கலுக்குக் கிடைத்தது. கோவிலில் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். முதல் செமஸ்டர் எப்படியோ ஓடியது. பிப்ரவரியில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் போன். கால்குலஸ் இரண்டு இடைத்தேர்வில் நூற்றுக்கு 41. "அப்பா, எனக்கு இது வரல. கஷ்டப்பட்டுப் படிச்சும் வரல. எக்கனாமிக்ஸ் கிளாஸ்ல மட்டும்தான் எனக்கு மூச்சு விட முடியுது" என்றான். காலை ஐந்தேகாலுக்கு எழுந்து ஓடிவிட்டு, குளிக்க நேரமில்லாமல் வகுப்புக்குப் போய், ராத்திரி ஒரு மணி வரைக்கும் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. சோம்பேறித்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாறிவிடலாம் என்று பார்த்தால், பொருளாதாரம் மூன்றாம் அடுக்கு. முதல் அடுக்கில் வாங்கிய ஸ்காலர்ஷிப்பை வைத்துக்கொண்டு மூன்றாம் அடுக்குக்குப் போக வேண்டுமென்றால் கல்லூரிப் பிரிவு மட்டும் தீர்மானிக்க முடியாது, மேலிடத்து அனுமதி வேண்டும், கிடைப்பது கடினம் என்று அவனுடைய ஆலோசக அதிகாரி பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர். 'ஸ்காலர்ஷிப் உனக்குக் கொடுக்கப்பட்டபோதே இந்த மேஜருக்காகத்தான் கொடுக்கப்பட்டது' என்று அவர் சொன்னதாக மகன் சொன்னான். பதினேழு வயதுப் பிள்ளையின் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியபோது, ஒரு ஒப்பந்தத்தின் முதல் வரியை எழுதுகிறோம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மகளிடம் இதே கேள்வியைக் கேட்டபோது வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டே, "ஹிஸ்டரி" என்றாள். என் மனைவி சமையலறையிலிருந்தே, "ஹிஸ்டரி படிச்சு என்னடி பண்ணப் போற?" என்றாள். "ஆர்மி ஆபீசர் ஆகப் போறேன்மா" என்று பதில் வந்தது. அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. அவள் இப்போது மூன்றாம் வருஷம், தரைப்படை ஸ்காலர்ஷிப்பில்.

இதைப் படித்துவிட்டுப் பொறியியலே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிசிக்ஸ் பிடிக்கும், ரோபோடிக்ஸ் கிளப்பில் ராத்திரி வரை இருக்கும் பிள்ளை என்றால் கடற்படையின் முதல் அடுக்கைப் போல நல்ல வாசல் வேறில்லை. தனக்குப் பிடித்ததைப் படிக்க அந்தப் பிள்ளைக்குப் பணமும் தருகிறார்கள். பிடிக்காத பிள்ளையை அதே வாசல் வழியாகத் தள்ளுவதுதான் தவறு. இன்னொன்றும் உண்டு. கடைசி வருஷத்தில் யாருக்கு எந்தப் பணி என்று வரிசைப்படுத்தும்போது ஜி.பி.ஏ.க்கு, அதாவது நாலுக்கு எவ்வளவு என்று போடும் சராசரி மதிப்பெண்ணுக்கு, பெரிய பங்கு. கஷ்டமான மேஜரில் 2.6 வாங்கிக்கொண்டு தள்ளாடுவதைவிட, பிடித்த மேஜரில் 3.6 வாங்குகிற பிள்ளைக்குப் பல படைகளில் பிடித்த பணியைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு கூடுதல்.

ஆறாம் படி: மேஜருக்கும் பின்னால் பார்க்கப் போகும் வேலைக்கும் எவ்வளவு தொடர்பு?

நாம் நினைப்பதைவிடக் குறைவு. தரைப்படையில் உயிரியல் படித்தவர் டாங்கிப் பிரிவுக்கும், மெக்கானிக்கல் படித்தவர் காலாட்படைக்கும் போகிறார்கள். விமானி ஆக ஏரோஸ்பேஸ் படித்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். விமானப்படை விமானிக்கு மேஜர் தடையே இல்லை, இசை படித்தவரும் போகலாம். பார்வையும் உடல்நிலையும் தேர்வு மதிப்பெண்ணும்தான் பேசும். பயிற்சி முடிந்த பிறகு 10 வருஷம் சேவை. பைலட் கனவை வைத்து மேஜரை முடிவு செய்கிற பிள்ளை முதலில் கண் டாக்டரிடம் நிறக்குருடு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் அதுவும் மருத்துவப் பரிசோதனையில் குறுக்கே வரும், விலக்கு கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

மேஜர் கண்டிப்பாகப் பேசும் இடங்களும் இருக்கின்றன. விமானப்படையில் பொறியாளர் பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். வானிலை அதிகாரிக்கு அதற்கான படிப்பு வேண்டும். நர்சுக்கு நர்சிங். கடற்படையின் அணுசக்திப் பிரிவு இன்னும் ஒரு படி மேலே. அங்கே போக விரும்புகிறவரை வாஷிங்டனுக்கு அழைத்து, பலகையில் கால்குலஸும் இயற்பியலும் போடச் சொல்லி நேர்காணல் செய்வார்கள். கடைசியில் அந்தத் திட்டத்தின் தலைவரான நான்கு நட்சத்திர அட்மிரல் தாமே பார்த்துப் பேசி முடிவு சொல்வார். அந்தத் திட்டத்தை உருவாக்கிய அட்மிரல் ஹைமன் ரிக்கோவர் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது.

'டாக்டர்' விஷயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், நம் வீடுகளில் அது இல்லாமல் பேச்சு முடியாது. 'பிரீ-மெட்' என்பது மேஜர் அல்ல, மருத்துவப் பள்ளிக்கு வேண்டிய பாடங்களின் தொகுப்பு. ஆர்.ஓ.டி.சி. முடித்து நேரே மருத்துவம் படிக்கப் போக, சேவையைத் தள்ளிவைக்கும் அனுமதி வேண்டும். அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் முதலில் சேவை, பிறகுதான் படிப்பு. டாக்டர் ஆவதுதான் உயிர்மூச்சு, ராணுவம் இரண்டாம்பட்சம் என்றால், கல்லூரி முடித்த பிறகு எச்.பி.எஸ்.பி. ஸ்காலர்ஷிப்பைப் பாருங்கள். மருத்துவப் பள்ளிக் கட்டணத்தைப் படையே கட்டும். அல்லது மேரிலாந்தில் பெத்தெஸ்டாவில் இருக்கும் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். கட்டணமே இல்லை, படிக்கும்போதே அதிகாரிக்கான சம்பளம், பதிலுக்கு ஏழு வருஷ சேவை. பதினேழு வயதில் ஆர்.ஓ.டி.சி. வழியாக டாக்டர் ஆகலாம் என்று கணக்குப் போடுவதைவிட இந்த இரண்டு வழியும் நேரானவை.

ஏழாம் படி: விண்ணப்பமும் நேர்காணலும்

பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே தொடங்குங்கள். கெடுத் தேதிகள் படைக்குப் படை மாறும். தேர்வுக் குழு பல முறை கூடும் என்பதால் சீக்கிரம் முடித்தவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிசீலனை கிடைக்கலாம்.

நேர்காணலில் 'ஏன் இந்த மேஜர்?' என்று கேட்பார்கள். 'ஸ்காலர்ஷிப் கிடைக்க வாய்ப்பு அதிகம்' என்பது பதில் அல்ல. பிள்ளை தான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள், பள்ளி நூலகத்தில் கொரியப் போர் வீரர் ஒருவரின் கடிதங்களைத் தட்டச்சு செய்து கொடுத்ததைப் பற்றிப் பேசினாள். எதிரில் இருந்த அதிகாரி குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம்.

சென்னையிலும் மதுரையிலும் இருக்கும் தாத்தா, பாட்டி, மாமா பற்றிய விவரங்களைப் பாதுகாப்புச் சோதனைக்காகப் பின்னால் கேட்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். உறவு இருப்பது குற்றமில்லை, மறைப்பதுதான் பிரச்சினை. எங்கள் வீட்டில் எல்லோருடைய பெயர், பிறந்த தேதி, முகவரியை அக்காவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தோம்.

எட்டாம் படி: இரண்டாம் வருஷத்தின் முதல் நாள்

நான்கு வருஷ ஸ்காலர்ஷிப்பில் முதல் வருஷம் ஒரு வாசல் திறந்தே இருக்கும். இரண்டாம் வருஷத்தின் முதல் நாள் வகுப்பில் உட்காரும்போதுதான் கடமை கழுத்தில் விழும். அதற்கு முன்பு விலகினால் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதற்குப் பிறகு என்றால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், அல்லது சாதாரண வீரராகச் சேவை செய்யச் சொல்லலாம். மேஜரை அனுமதி இல்லாமல் மாற்றுவதும் ஸ்காலர்ஷிப்பை இழக்க ஒரு காரணம். முதலில் அனுமதி, பிறகுதான் கல்லூரிப் பதிவாளர் அலுவலகம். இந்த வரிசை எந்தப் படையிலும் மாறாது.

அதனால் முதல் வருஷம் மார்ச், ஏப்ரலில், அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்யும்போது, பிள்ளையோடு இன்னொரு முறை அந்த எட்டுக் கட்டத் தாளை எடுத்து வைத்துப் பேசுங்கள். ஜி.பி.ஏ. என்ன, சங்கிலியில் எங்கே இருக்கிறான், காலையில் எழும்போது மனசு எப்படி இருக்கிறது. மாற வேண்டும் என்றால் ஆகஸ்டுக்குள் தெரிந்தாக வேண்டும்.

என் மகன் அந்த ஜூலையில் கடற்படை ஸ்காலர்ஷிப்பை விட்டான். ஒரு வருஷம் கடன் வாங்கிக் கட்டினோம். பொருளாதாரத்துக்கு மாறி, அதே வளாகத்தில் தரைப்படைப் பிரிவின் கதவைத் தட்டினான். முதல் ஸ்காலர்ஷிப்பை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னான். ஸ்காலர்ஷிப் இல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள். ஜி.பி.ஏ. 3.5-ஐத் தொட்ட பிறகு, கல்லூரியில் ஏற்கெனவே படிப்பவர்களுக்கான ஸ்காலர்ஷிப் அவனுக்குக் கிடைத்தது. அந்த முறை 104-ஆர் படிவத்தை அவனே தனியாக உட்கார்ந்து நிரப்பினான். ஒவ்வொரு செமஸ்டரும் கையெழுத்து வாங்கிய பிரதியை எனக்கும் அனுப்பிவைத்தான்.